ஊட்டுக்குத் தூரம்

"இது கர்ப்பப்பையா, செப்டிக் டேங்கா?" என்று நர்ஸம்மா கேட்டார்.

நான் வரைந்து எடுத்துப்போன முதல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கேள்வி எனக்கு நியாயமாகவே பட்டது. அப்போது நான் ஏற்காட்டில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். லாட்ஜுகளுக்கும் எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் பிளான் போடுவோம். படித்து வாங்கிய சான்றிதழில் என் பெயருக்குப் பக்கத்தில் 'டிராஃப்ட்ஸ்மேன்' என்று போட்டிருந்தது. பெண்ணுக்கென்று தனிச்சொல் அச்சகத்தில் இல்லை போலிருக்கிறது. அந்த வாரம் நான் முடித்திருந்த வேலை உண்மையிலேயே ஒரு லாட்ஜின் செப்டிக் டேங்க். அதே கை, அதே பேனா, அதே குறுக்குவெட்டுத் தோற்றம், அதே அம்புக்குறிகள். கர்ப்பப்பைக்கு அளவு மட்டும்தான் நான் போடவில்லை.

நர்ஸம்மா வேலை பார்த்தது பஜாருக்கு மேலே இருந்த சின்ன மருத்துவமனையில். அதன் பின்புறம் இரண்டு அறைகளில் ஒரு பகல்நேரப் பயிற்சி மையம் நடந்தது. கற்பதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் எடுக்கும் இளம் பெண்கள் வருவார்கள். பேப்பர் கவர் ஒட்டுவார்கள், மெழுகுவத்தி ஊற்றுவார்கள். சனிக்கிழமை மதியம் நர்ஸம்மா அவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித் தருவார். பல் விளக்குவது, கை கழுவுவது, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, மாதவிடாய் வந்தால் என்ன செய்வது.

அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. 'பேணுதல்', 'இன்றியமையாதது' போன்ற சொற்கள் நிறைந்தவை. அந்தப் பெண்களில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த அவர்களுடைய அம்மாக்களுக்கும் 'பேணுதல்' என்றால் எந்தக் கையால் எதைச் செய்வது என்று தெரியாது. அதனால் நர்ஸம்மாவுக்குப் படங்கள் வேண்டியிருந்தன. ஏற்காட்டில் சம்பளத்துக்குப் படம் போடும் பெண் நான் ஒருத்திதான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு பலகையில் ஃபிளானல் துணியை இழுத்துக் கட்டினோம். அட்டையில் படம் வரைந்து வெட்டி, முதுகில் உப்புத்தாள் ஒட்டினால் அது துணியில் பிடித்துக்கொள்ளும். எடுத்து வேறு இடத்தில் வைக்கலாம். வீடு, வாளி, சோப்பு, துணி, அம்மா, ஒரு பெண். நர்ஸம்மா கதை மாதிரிச் சொல்லிக்கொண்டே படங்களை நகர்த்துவார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து, எது விளங்கவில்லை என்று பட்டியல் போடுவேன். பட்டியல் போடாமல் எனக்கு எதையும் யோசிக்க வராது.

அந்தப் பட்டியல் வேகமாக நீண்டது. அம்புக்குறி போட்டால் கத்தி என்றார்கள். கால்களை மட்டும் வரைந்தால், "ஐயோ, இவங்களுக்கு மீதி எங்கக்கா?" என்று ஒருத்தி அழத் தயாரானாள். ஒரு சிவப்புச் சொட்டு வரைந்து வைத்தபோது, முன்வரிசைப் பெண் எழுந்து வந்து அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். கூடாது என்பதற்குப் பெருக்கல் குறி போட்டேன். யாரும் குறியைப் பார்க்கவில்லை. குறிக்கு அடியில் இருந்ததைப் பார்த்தார்கள். அழுக்குத் துணிக்கு மேல் குறி போட்டிருந்தால், 'அழுக்குத் துணி' என்று மகிழ்ச்சியாகப் படித்தார்கள்.

எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பிளான் போட்டுக்கொடுத்தால் மேஸ்திரி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பதும், நான் திருத்துவதும் தினமும் நடப்பதுதான். கட்டடம் நேராக நிற்க வேண்டும், அவ்வளவுதான். முழு ஆளாக வரைய ஆரம்பித்தேன். ஒரு படத்தில் ஒரே ஒரு வேலை. பெண்ணுக்கு அவர்கள் உடுத்துவது போன்ற பாவாடை தாவணி. வாளிகூட ஒண்டிக்கடை என்ற சந்திப்பில் விற்கும் பச்சை வாளி.

மையத்துக்கு வந்தவர்களில் ஒருத்தி ஒண்டிக்கடைச் சந்திப்பில் காய்கறிக் கடை வைத்திருந்த அக்காவின் மகள். பதினேழு வயது இருக்கும். தக்காளிக் கூடையில் கையை விட்டால் அழுகப்போகும் பழத்தைத் தொட்டே எடுத்துவிடுவாள். கவர் ஒட்டினால் ஓரம் பிசகாது. ஆனால் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். "தலை போற வேலை இருக்குது" என்று நர்ஸம்மா அவசரமாகக் கிளம்பினால், அவர் திரும்பி வந்ததும் முதலில் தலையைத்தான் பார்ப்பாள்.

நான் படங்கள் கொடுக்கப் போயிருந்த ஒருநாள் மதியம் அவளுடைய அம்மா கடையை விட்டுவிட்டு மையத்துக்கு வந்தார். சேலத்திலிருந்து கல்யாணமாகி மேலே வந்தவர், கணவர் இல்லை, கடையும் மகளும்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஏனுங்க நர்ஸம்மா, புள்ளைய இனி அனுப்ப மாட்டேனுங்க."

"என்னாச்சு?"

"மாசம் ஒருக்கா எங்கியோ போயிர்றாளுங்க. சொல்றதுமில்ல, கொள்றதுமில்ல. கடையில நிப்பா. தராசப் பாத்துட்டுத் திரும்புனா ஆளைக் காணோம். போன மாசம் கீழ கொண்டை ஊசி வளைவுல நின்னுட்டிருந்தாளாமா. கண்டக்டரு புண்ணியவான், பஸ்ஸ நிறுத்தி ஏத்திட்டு வந்து உட்டாரு. ஒரு லாரி வந்திருந்தா என்னங்க பண்றது?"

"எப்பப் போறா? குறிப்பா ஏதாவது நாளா?"

அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த நாள்லதானுங்க. எங்க நாத்தனாரு காத்து கருப்புங்கறா. அந்த நாள்லதான அதுவும் அண்டும்? மந்திரிச்சும் பாத்தாச்சுங்க. நிக்கல. பின்னாடி ரூமுக்கு வெளிப்பக்கம் தாப்பா போடச் சொல்லிட்டேன். இனி கடையும் வேண்டாம், இங்கயும் வேண்டாம். உசுரோட ஊட்டுக்குள்ள கெடந்தா போதுமுங்க."

அவர் கோபத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கணக்குப் பார்த்து முடித்தவர் மாதிரி அமைதியாகச் சொன்னார். வெளியே அந்தப் பெண் கவருக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவளை அந்த அறைக்குள் விட்டுத் தாழ்ப்பாள் போட்டால், அது பிறகு திறக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

"அடுத்த தடவை வரைக்கும் பொறுங்க. ஒரே ஒரு மாசம்" என்றார் நர்ஸம்மா.

"பொறுக்கறேனுங்க. அதுக்கப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." படியில் இறங்கியவர் நின்று திரும்பினார். "மழைக் காலத்துல இந்த ரோதனையே இல்லீங்க. மேகம் எறங்கிச்சுன்னா ஊட்டோரமாவே நின்னுக்குவா. வெயில் அடிச்சாப் போதும், காலு நிக்காது."

அந்தச் சனிக்கிழமை மற்றவர்கள் போன பிறகு, அவளை மட்டும் பலகைக்கு முன்னால் உட்கார வைத்தோம். நர்ஸம்மா வீட்டை நடுவில் வைத்தார். பாவாடை தாவணிப் பெண்ணை அவள் கையில் கொடுத்தார்.

"இந்தப் புள்ளைக்கு இன்னைக்கு ரத்தம் வருது. இது என்ன பண்ணும்? நீயே வெச்சுக் காட்டு."

துணியையோ வாளியையோ எடுப்பாள் என்று நினைத்தேன். அவள் படத்துப் பெண்ணைப் பலகையின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தாள். வீட்டைப் பார்த்தாள். திருப்தி இல்லை. எடுத்துக்கொண்டு அறையின் வாசலுக்குப் போனாள். அங்கே நின்று பலகையைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடியும் திருப்தி இல்லை. வராண்டாவில் இறங்கினாள்.

நான் பின்னாலேயே போனேன். "எங்க கண்ணு போற?"

"ஊட்டுக்குத் தூரம்க்கா."

"என்னது?"

"இந்தப் புள்ள ஊட்டுக்குத் தூரம். இன்னும் ஊடு தெரியுது பாருங்க."

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்கு விளங்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. திரும்பி உள்ளே வந்து, பலகையிலிருந்த வீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து முழுவதும் மறைத்தாள். படத்துப் பெண்ணைக் கைக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

"இப்பத் தூரம்" என்றாள்.

நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாய் வந்திருக்கிறது என்பதை அப்படியே சொல்ல மாட்டார்கள். 'ஊட்டுக்குத் தூரம்' என்பார்கள். அடுப்படிக்கும் சாமி படத்துக்கும் தள்ளி இருக்கிறாள் என்று பொருள். நானும் பன்னிரண்டு வயதிலிருந்து அதைச் சொல்லி வந்தவள்தான். அதற்குள் ஒரு வீடும் ஒரு தூரமும் இருப்பது அதுவரை என் காதில் விழுந்ததில்லை.

அவள் காதில் விழுந்திருக்கிறது. மாதாமாதம் பாவாடையில் கறையைப் பார்த்ததும் அம்மா, "நீ ஊட்டுக்குத் தூரம், கண்ணு" என்று சொல்வார். அவள் சொன்னதைச் செய்தாள். அவர்கள் வீடு ஒண்டிக்கடைக்கு மேலே மேட்டில், நீலச் சுண்ணாம்பு அடித்த சுவரோடு நிற்கும். மேகம் இறங்கினால் பத்தடியில் வீடு மறைந்துவிடும். அங்கேயே நின்றுகொள்வாள். வெயில் நாளில் அந்த நீலம் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். ஏரியைத் தாண்டினாலும் தெரியும். அதனால் அது மறைகிற வளைவு வரை நடந்திருக்கிறாள்.

"காத்துமில்ல, கருப்புமில்ல. நம்ம வாய்தான்" என்றார் நர்ஸம்மா.

அடுத்த வேலை, வேறு ஒரு சொல் கண்டுபிடிப்பது. அலுவலகத்தில் ஒரு டிரேசிங் பேப்பரின் ஓரத்தில் எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் எழுதினேன். தூரம். வெளியே இருக்கிறாள். தள்ளி இருக்கிறாள். ஒதுங்கி இருக்கிறாள். வீட்டுவிலக்கு. நல்ல தமிழ் என்று நான் நம்பியிருந்த மாதவிலக்கும் பக்கத்தில் வந்து நின்றது. அதிலும் 'விலக்கு' இருக்கிறது. எல்லாச் சொல்லும் ஒரே குரலில் அந்தப் பெண்ணை வாசலுக்கு வெளியே அனுப்பின. மாதவிடாய் ஒன்றுதான் யாரையும் எங்கும் போகச் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்லச் சொன்னால் அவள் 'மாதவடை' என்றாள், எங்கே வடை என்றும் கேட்டாள்.

கடைசியில் மையத்துப் பெண்களையே கேட்டோம். அந்த நாளில் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆளாளுக்கு யோசித்து ஒரே பதில் சொன்னார்கள். துணி வைப்போம். அப்படியென்றால் அது துணி நாள். செய்ய வேண்டிய வேலை சொல்லுக்குள்ளேயே இருந்தது. நர்ஸம்மா அதை இரண்டு மூன்று தரம் வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து இருவரும் காய்கறிக் கடைக்குப் போனோம். நர்ஸம்மா சுற்றி வளைக்காமல் சொன்னார். அந்த அம்மா பீன்ஸை வரிசையாக அடுக்கிக்கொண்டே கேட்டார். முடியும்போது கை நின்றுவிட்டது. மகளைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, நான் சொல்லித்தான் போனியா?"

"நீதான சொன்னே" என்றாள் அவள், முருங்கைக்காய்களைக் கட்டியபடி.

"நான் சொன்னேன்னா… கூப்புட்டு வந்து அடிச்சேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நான் தூரமாத்தான் போனேன். பக்கத்துல நிக்கல."

அடி வாங்கியது இன்னும் தூரம் போகாததற்காக என்று அவள் நினைத்திருந்தாள். அவளுடைய அம்மா முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார். "ஊர்ல இருக்கறவளுக எல்லாம் புள்ளைக பேச்சுக் கேக்கறதில்லீன்னு பொலம்பறாளுக. எனக்கு வாச்சிருக்கறதப் பாருங்க."

ஆனால் துணி நாள் என்பது அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. "எப்படிங்க கடையில வெச்சுச் சொல்றது? நாலு ஆம்பளைக நிக்கற எடம். தூரம்னா தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குத் தெரியாது."

"உங்க பொண்ணுக்குத்தான் தெரியல" என்றார் நர்ஸம்மா.

நான் புதிதாக வரைந்த படங்களைக் காட்டினேன். கொடியில் காயும் சுத்தமான துணியைப் பெண் எடுக்கிறாள். துணி வைத்துக்கொண்டு வருகிறாள். பச்சை வாளியில் துவைக்கிறாள். வெயிலில் காயப் போடுகிறாள். இவற்றைக் கடைக்குப் பின்னால், அவர்கள் குளித்துத் துணி மாற்றும் தட்டி மறைப்புக்குப் பக்கத்தில், ஆணியில் வரிசையாக மாட்டிவிடலாம் என்றேன்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி. அடுப்படிக்குள்ள போகக் கூடாதுன்னு ஒண்ணு போட்டுருங்க. அது மட்டும் எனக்கு ஆகாது."

நர்ஸம்மா மூச்சை இழுத்தார். ஒரு சொற்பொழிவு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் முந்திக்கொண்டேன். "படத்துல கூடாதுன்னு சொல்ல முடியாதுங்க. அடுப்படிய வரைஞ்சு மேல கோடு போட்டா, அவளுக்கு அது அடுப்படிதான். நேரா அங்கதான் போய் நிப்பா."

அவர் யோசித்தார். மகளை அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "ஆமாங்க. போவா. அப்ப வேண்டாம்."

"எங்க இருக்கணும்னு வேணா போடலாம்."

"அதப் போடுங்க."

கடையில், தராசுக்குப் பக்கத்தில், சாக்கு விரித்து அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதாக வரைந்தேன். தாழ்ப்பாள் போட்ட அறைக்குப் பதிலாக நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் உள்நோக்கம் இல்லாமல் இல்லை. அதைக் கடைசி ஆணியில் மாட்டினோம்.

அந்த மாதம் முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் பலகையில் படங்களை வரிசையாக வைத்துப் பழகினாள். சில நாள் வாளிக்குப் பிறகு துணி வந்தது. சில நாள் சரியாக வந்தது. நர்ஸம்மாவும் நானும் துணி நாள் என்று சொல்லிச் சொல்லி, ஒருமுறை நர்ஸம்மா மருத்துவரிடமே அப்படிச் சொல்லிவிட்டு வந்தார்.

அந்த நாள் வந்தபோது நான் தற்செயலாகக் கடையில்தான் இருந்தேன், மதிய இடைவேளையில் காய் வாங்க. மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. மேட்டில் நீலச் சுவர் பளிச்சென்று இருந்தது. ஜீப் ஓட்டும் ஒருவரும், லாட்ஜுகளில் வேலை பார்க்கும் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். கூடையைத் தூக்கத் திரும்பிய மகளின் பாவாடையை அம்மா பார்த்தார்.

"நீ ஊட்டுக்கு…" என்று ஆரம்பித்துவிட்டார். பழக்கம்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. கால் மட்டும் ரோட்டைப் பார்த்துத் திரும்பியது. ஒரு அடி வைத்துவிட்டாள்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். எதிரே நின்ற ஆண்களைப் பார்த்தார். வெயிலில் கிடந்த ரோட்டைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொல்லை அவர்தான் சொல்ல வேண்டும்.

"துணி நாளு, கண்ணு!" என்றார். பஸ்ஸுக்குக் குரல் கொடுப்பது போல அவ்வளவு சத்தமாக வந்தது. "இன்னிக்கு உனக்குத் துணி நாளு. உள்ள போ சாமி."

அவள் நின்றாள். சொல்லை வாங்கிக்கொள்வது தெரிந்தது. திரும்பி, எங்கள் எல்லோரையும் தாண்டி, கடைக்குப் பின்னால் போனாள். வாளி சத்தம் கேட்டது. அம்மா ஜீப்காரருக்கு நிறுத்துக்கொண்டிருந்த வெண்டைக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு, பின்பக்கமே காதாக நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலேயே எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் பாவாடை மாற்றிக்கொண்டு வந்தாள். சாக்கைத் தேடி எடுத்தாள். தராசுக்குப் பக்கத்தில் விரித்து, படத்தில் இருப்பது போலவே கையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். பிறகு ஜீப்காரரை நிமிர்ந்து பார்த்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"எனக்கு இன்னிக்குத் துணி நாளுங்க."

"அப்படிங்களா?" என்றார் அவர். "ஏனுங்க்கா, தீபாவளிக்கு இன்னும் எவ்வளவோ நாளு கெடக்குது, இப்பவே புள்ளைக்குத் துணி எடுத்துட்டீங்களா?"

லாட்ஜ்காரர்களில் மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. மேலே பறக்கும் ஏதோ ஒன்றைக் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தார். அம்மாவின் முகம் தக்காளி நிறத்துக்குப் போனது.

"உங்களுக்கு வெண்டைக்கா வேணுமா, துணி வேணுமாங்க?" என்றார்.

"வெண்டைக்கா போதுமுங்க."

"அப்ப வாங்கிட்டு நடையக் கட்டுங்க. கண்ணு, அண்ணனுக்குப் பையில போட்டுக் குடு."

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பையை வாங்கிப் போட்டாள். முற்றலாக இருந்த இரண்டு காய்களை எடுத்து ஒதுக்கிவிட்டு, பிஞ்சாக இரண்டு போட்டாள்.

கூட்டம் கலைந்ததும் என் பக்கம் குனிந்தார். "மானம் போச்சுங்க அம்மிணி." சொல்லிவிட்டு மகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "போனாப் போகுது. சனிக்கெழம சென்டரு உண்டுங்களா?"

உண்டு என்றேன்.

சனிக்கிழமை அவள் வந்தாள். அன்று நாங்கள் காய்ச்சலுக்கான படங்களைத் தொடங்கியிருந்தோம். நர்ஸம்மா படத்துப் பெண்ணைப் படுக்க வைத்துப் போர்வை போர்த்தினார்.

"இந்தப் புள்ளைக்கு உடம்பு சுடுது. என்ன பண்ணலாம்?"

அவள் முதலில் கையை உயர்த்தினாள். "அடுப்புல இருந்து எறக்கி வெச்சிரலாமுங்க."

நான் பட்டியலில் 'சுடுது' என்று எழுதினேன்.